மரக்காணத்து உப்பளக் கரையும் மின்னேற்று நிலையங்களும்

முன்னுரை

பண்டைத் தமிழகத்தில் நெய்தல் நிலத்து உப்பினை வண்டிகளில் ஏற்றி உள்நாடுகளுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றி வந்தவர் உமணர் எனப்படுவர். மேடும் பள்ளமும் விரவிய நெடுவழியில் அவர்தம் வண்டிகள் நிரை நிரையாகச் சென்றன. இடைவழியில் அச்சு முறியுமாயின் உதவுவார் ஒருவரும் இலர். ஆகலின், அவர் தம் வண்டியின் அடியில் வேறோர் அச்சினையும் பிணித்துக்கொண்டே புறப்பட்டனர். இச்செய்தியை ஔவையார் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் உவமையாக எடுத்தாண்டுள்ளார். வண்டி எத்துணை வலியுடையதாயினும், வழியில் துணை உண்டு என்னும் உறுதி இல்லாதவிடத்து வழிச்செல்வோன் மனம் அமைதி பெறாது என்பது இதனாற் புலனாம்.

அவ்வுப்பு வழிகளில் இன்று மின்வண்டிகள் ஓடத் தொடங்கியுள்ளன. பெட்ரோல் வண்டியிற் செல்வோன் எண்ணெய் தீருமுன் எங்கேனும் ஒரு பங்கைக் காண்போம் என்று கவலையின்றிச் செல்கின்றான். மின்வண்டியிற் செல்வோனோ, முகப்பிலே எஞ்சிய மின்னளவு குறையக் குறையத் தன் ஊக்கமும் குறைவதை உணர்கின்றான். இவ்வச்சத்தை நீக்கும்பொருட்டு நாடெங்கும் மின்னேற்று நிலையங்கள் நிறுவப்பட்டு வருகின்றன. இவை பெருகுதல் நன்றே. ஆயினும், இவை நடைமுறைக்கு ஒத்தனவா, யாருக்குப் பயன்படும், எத்தனை ஆண்டு நிற்கும் என்னும் வினாக்கள் எழுதல் இயல்பு. பெருநகரங்களை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வார் பலர். யாம் ஈண்டு மரக்காணத்து உப்பளக் கரையை முன்வைத்து ஆராயப் புகுகின்றோம். ஒரு கருவியின் தகுதியை அறிதற்கு எளிய இடத்தினும் அரிய இடமே ஏற்ற உரைகல் அன்றோ?

இடத்தின் இயல்பு

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில், சென்னையினின்று சுமார் 120 கிலோமீட்டர் தெற்கிலும், புதுச்சேரியினின்று சுமார் 35 கிலோமீட்டர் வடக்கிலும் அமைந்தது. ஊரைச் சார்ந்து உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கின்றன. அருகிலுள்ள கழுவேலி என்னும் உவர்நீர்ப் பரப்பு 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. மழை ஓய்ந்தபின் பாத்திகளைத் திருத்தி உவர்நீரைப் பாய்ச்சுவர். கோடை முழுவதும் உப்பு விளையும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியவுடன் அளத்தொழில் ஓய்ந்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூர் வழியே செல்கின்றது. மாமல்லபுரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட அதன் பகுதி 332ஏ என்னும் எண்ணுடைய தேசிய நெடுஞ்சாலையாகும். மேற்கே ஒரு சாலை பிரிந்து திண்டிவனத்தை அடைகின்றது. ஆகவே இங்கு மூவகை வண்டிகளைக் காணலாம். முதலாவது, விடுமுறை நாட்களில் சென்னையினின்று புதுச்சேரிக்கு விரையும் கார்கள். இரண்டாவது, உப்பு மூட்டைகளைச் சுமந்து உள்நாடு செல்லும் லாரிகள். மூன்றாவது, உள்ளூரார் வண்டிகள். அவை விடியுமுன் அளத்திற்குச் செல்லும் தொழிலாளர், மீன் விற்போர், பள்ளி மாணாக்கர் ஆகியோர் ஏறிச் செல்லும் இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் சிறு சுமை வண்டிகளுமாம். மின்னேற்று நிலையம் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது முதல்வகையே. ஆனால் ஊரின் வாழ்வு தங்கியிருப்பது பின்னிரண்டு வகைகளில் என்பதை மறத்தலாகாது.

மின்வண்டி புதிதன்று

மின்வண்டி நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. பெல்ஜிய நாட்டினராகிய காமில் ஜெனாட்சி என்பார் 1899-ஆம் ஆண்டிலேயே மின்கலத்தால் இயங்கும் வண்டியில் ஏறி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தார். சாலை வண்டிகளுள் அவ்வேகத்தை முதன்முதல் எட்டியது மின்வண்டியே என்பது பலர் அறியாத செய்தி.

நம் சென்னை நகரமும் இதிற் பின்தங்கியிருந்ததில்லை. 1895-ஆம் ஆண்டில் அங்கு மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. முதலில் மின்சாரம் செல்லும் கம்பியைத் தரைக்கடியில் குழாய்ப் பள்ளத்துள் அமைத்தனர். மழைக்காலத்தில் அப்பள்ளத்துள் நீர் புகுந்து இடர் விளைத்தமையால், பின்னர் அதனைக் கைவிட்டு உயரக் கம்பிகளை அமைத்தனர். அயல்நாட்டிற் சிறந்து விளங்கிய ஏற்பாடும் நம் மழைக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்ட பின்னரே நிலைபெற்றது என்பதை நினைவிற் கொள்க. அந்த டிராம் வண்டிகள் 1953-ஆம் ஆண்டு வரை ஓடின.

முற்காலத்து மின்வண்டி தோற்றமைக்குக் காரணம் யாது? ஈய மின்கலங்கள் பெரும்பாரம் உடையன. சேமித்த ஆற்றலோ சிறிது. பெட்ரோலையோ ஒரு தகரப் பெட்டியில் ஊற்றி எவ்வூருக்கும் கொண்டு செல்லலாம். லித்திய அயனி மின்கலம் 1991-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபின் இந்நிலை மெல்ல மாறிற்று. அதனை உருவாக்க உழைத்த குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டில் வேதியியலுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பெற்றது. லித்தியத்தில் ஒரு பகுதி, சிலி நாட்டின் அட்டகாமா உப்பு நிலத்தில், உவர்நீரைப் பாத்திகளிற் பரப்பி வெயிலிற் சுண்டவைத்தே எடுக்கப்படுகின்றது. ஆதலின் மரக்காணத்தார் அறிந்த தொழிலே, வேறு கண்டத்தில், மின்வண்டிக்கு உயிரளித்து வருகின்றது எனலாம்.

அரசினர் வகுத்த நெறி

வண்டிகளுக்கு மின்னேற்றுதல் மின்சாரத்தை விற்பதாகாது, அஃது ஒரு சேவையே. ஆகவே அதற்குத் தனி உரிமம் வேண்டுவதில்லை என்று நடுவண் மின்துறை அமைச்சகம் 2018-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்திற்று. கடைக்காரரும் உணவு விடுதியாரும் இத்தொழிலிற் புக வழி திறந்தது அதனாலேயே. அவ்வாண்டு இறுதியில் அவ்வமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கொண்ட ஒவ்வொரு கட்டத்துள்ளும் ஒரு நிலையமும், நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும் வேண்டும் எனக் கூறின. பெருஞ்சுமை வண்டிகளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒன்று போதுமெனக் கொள்ளப்பட்டது. இந்நெறிகள் பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்றன.

2024 பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் இந்தியா முழுவதும் இயங்கிய பொது மின்னேற்று நிலையங்கள் 12,146. அவற்றுள் தமிழ்நாட்டில் இருந்தவை 643. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் மொத்தத் தொகையாகிய 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி மின்னேற்று நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டது. நான்கு சக்கர வண்டிகளுக்கு 22,100 விரைவு மின்னேற்றிகளும், பேருந்துகளுக்கு 1,800-உம், இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400-உம் அமைத்தல் அதன் குறிக்கோள்.

மாமல்லபுரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் எனக் கொண்டால், 25 கிலோமீட்டர் நெறிப்படி ஒவ்வொரு புறத்திலும் நான்கு நிலையங்கள் போதும். கணக்கின்படி இஃது எளிதே. ஆனால் நிலையம் நிற்பது வேறு. அது வேண்டுங்கால் வேலை செய்வது வேறு.

தொலைவுக் கணக்கு

இனி வழிச்செல்வோரின் தேவையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் வெளியிட்ட நெக்ஸான் மின்காரின் மின்கல அடுக்கு 30.2 யூனிட் கொள்ளும். குளிர்க்காற்றுப் பெட்டியை இயக்கிக்கொண்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு விரைந்து செல்லும்போது ஒரு யூனிட்டுக்கு ஆறரைக் கிலோமீட்டர் ஓடும் என வைத்துக்கொள்வோம். சென்னையிற் புறப்பட்ட அக்கார் மரக்காணத்தை அடையுங்கால் பதினெட்டு யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகியிருக்கும். எஞ்சிய ஏறக்குறைய 12 யூனிட் இன்னும் 75 கிலோமீட்டர் செல்லப் போதும். புதுச்சேரியோ 35 கிலோமீட்டரே. ஆகவே அவ்வண்டிக்கு மரக்காணத்தில் மின்னேற்றம் தேவையன்று. அதற்குத் தேவையானது, புதுச்சேரியில் தங்கும் விடுதியின் வாயிலில் இரவெல்லாம் மெதுவாக மின்னேற்றும் ஓர் இணைப்பே. பெரிய அடுக்குடைய பிற்காலத்துக் கார்களுக்கு இத்தேவை இன்னும் குறையும்.

அங்ஙனமாயின் இடைவழி நிலையம் வீணோ எனின், அன்று. உமணன் வண்டியின் அடியிற் கட்டிய அச்சு பல பயணங்களிற் பயன்படாமலே இருந்திருக்கும். எனினும் அஃது இன்றி அவன் புறப்பட்டிலன். இடைவழி நிலையத்தின் பயன் நாடோறும் பயன்படுதலில் அன்று, இடருற்ற நாளிற் பயன்படுதலில் உள்ளது. ஆகலின் அத்தகைய நிலையங்கள் பலவாய் இருத்தலினும், சிலவாயினும் பழுதின்றி இருத்தலே சிறப்பு. பழுதுற்ற பத்து நிலையங்களை நம்பி வந்தவன் நடுவழியில் நிற்பான். நல்ல நிலையம் ஒன்றை அறிந்து வந்தவன் ஊர் போய்ச் சேர்வான்.

உள்ளூரார் கணக்கோ முற்றிலும் வேறு. மின்சார ஸ்கூட்டர் ஒன்று ஒரு யூனிட்டில் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். அளத்திற்கும் கடைத்தெருவிற்குமாக நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் செல்வோர்க்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். எழுபத்தைந்து வாட் கொண்ட மின்விசிறி ஒன்று பதினொரு மணி நேரம் சுழல்வதற்கு ஆகும் மின்சாரமும் இவ்வளவே. இதற்குப் பெரிய நிலையம் எதுவும் வேண்டா. வீட்டுச் சுவரில் பாதுகாப்பான ஒரு மின்செருகியும், நல்ல நிலயிணைப்பும், கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் இருந்தாற் போதும். குறைபாடு யாதெனில், குடிசையிலும் வாடகை வீட்டிலும் வாழ்வோர் பலர்க்கு அத்தகைய இணைப்பு இல்லை. வண்டியை நிறுத்த இடமும் இல்லை. நகரத்துக் காருக்கு நிலையம் ஒரு வசதி. இவர்க்கோ அதுவே வாயில்.

மின்மாற்றியும் வருவாயும்

அடுத்து, மின்சாரத்தைக் கொணரும் வழியை நோக்குவோம். சிற்றூர்களில் 63 அல்லது 100 கிலோவோல்ட் ஆம்பியர் ஆற்றலுடைய மின்மாற்றிகள் பலவாக உள. விரைவு மின்னேற்றி ஒன்று 60 கிலோவாட் இழுப்பதாயின், அஃது ஒன்றே 100 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றியின் வலிமையிற் பெரும்பங்கை உண்டுவிடும். அந்நேரத்தில் தெருவிளக்கு மங்கும். வீட்டு மின்விசிறி தளரும். ஆகவே விரைவு நிலையத்திற்குத் தனி மின்மாற்றியும் தனிக் கம்பியும் வேண்டும். அதே 60 கிலோவாட் ஆற்றலைக் கொண்டு, முக்கால் கிலோவாட் வீதம் இழுக்கும் ஸ்கூட்டர்கள் எண்பதற்கு ஒரே நேரத்தில் மெதுவாக மின்னேற்றலாம். ஒரு காரின் அவசரமும் எண்பது குடும்பங்களின் தேவையும் ஒரே எடையுடையன என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

வருவாயையும் ஒரு கணக்கால் விளக்குவோம். 60 கிலோவாட் கருவி ஒன்று நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே வேலை செய்வதாகவும், ஒரு யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் மிஞ்சுவதாகவும் கொள்க. ஒரு நாள் மிச்சம் 300 ரூபாய். ஓராண்டிற்கு ஒரு லட்சத்திற்குச் சற்று மேல். அத்தொகையைக் கொண்டு நிலவாடகையும், மின்வாரியத்திற்குக் கட்ட வேண்டிய நிலையான கட்டணமும், பழுது பார்ப்போர் கூலியும், முதலுக்கு வட்டியும் தருதல் இயலாது. அதே கருவி ஐந்து மணி நேரம் வேலை செய்யுமாயின் மிச்சம் ஐந்தரை லட்சத்தை அணுகும், தொழில் பிழைக்கும். வண்டிகள் மிகுந்தாலன்றி நிலையத்திற்கு வருவாய் இல்லை; நிலையங்கள் மிகுந்தாலன்றி வண்டி வாங்குவார் இல்லை. இம்முடிச்சை அவிழ்த்தற்கே அரசின் பொருளுதவி வேண்டப்படுகின்றது. ஆனால் அவ்வுதவி கருவியை நிறுவும் நாளோடு முடிந்துவிடுமாயின், வருவாயற்ற நிலையத்தைப் பேணுவார் இன்றி அது துருப்பிடித்து நிற்கும்.

கேரளத்தார் கண்ட வழி இங்குக் கருதத்தக்கது. அம்மாநில மின்வாரியத்தார் 2021-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் பத்து மின்கம்பங்களில் ஆட்டோக்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் உரிய சிறு மின்னேற்றிகளைப் பொருத்திச் சோதித்தனர். பின்னர் அம்முறையை மாநிலம் எங்கும் விரித்தனர். கம்பமும் கம்பியும் ஏற்கெனவே தெருவில் நிற்பதால் புதிய நிலமும் பெருஞ்செலவும் வேண்டுவதில்லை என்பதே இதன் சிறப்பு.

நிலக்கரியால் உண்டாகும் மின்சாரத்தை வண்டியில் ஏற்றுவதால் யாது நன்மை என்று வினவுவாரும் உளர். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியினின்றே வருகின்றது என்பது உண்மை. ஆயினும் பெட்ரோல் எந்திரம் தான் எரிக்கும் எண்ணெயின் ஆற்றலிற் கால்பங்கு அளவே சக்கரத்திற்குத் தருகின்றது; மின்மோட்டாரோ தான் பெற்றதில் மிகப் பெரும்பங்கைத் தருகின்றது. அன்றியும், தமிழ்நாட்டில் முப்பந்தலில் காற்றாலைகளும், கமுதியில் 2016-ஆம் ஆண்டில் எழுந்த 648 மெகாவாட் கதிரொளி நிலையமும், இக்கடற்கரைச் சாலையிலேயே கல்பாக்கத்து அணுமின் நிலையமும் உள. பகலில் மின்னேற்றினால் கதிரொளி மின்சாரம் மிகுதியும் பயன்படும். உப்பை விளைவிக்கும் அதே வெயில் வண்டியையும் ஓட்டும்.

உப்பும் புயலும்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகின்றோம். மரக்காணத்தில் கருவிக்கு முதற்பகை உப்பு. கடற்காற்று நுண்ணிய உப்புத் துளிகளைச் சுமந்து வந்து எல்லாவற்றின்மேலும் படிய வைக்கின்றது. தூய சமையலுப்பு, காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கைக் கடந்தால் நீரை ஈர்த்துத் தானே கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதனினும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். ஆகவே கடற்கரையில் இரவுதோறும் இரும்பின்மேல் மெல்லிய உவர்நீர்ப் படலம் ஒன்று பரவுகின்றது. அப்படலம் இரும்பை அரிக்கின்றது. பீங்கான் காப்பிகளின்மேல் மின்சாரம் கசிந்தோட வழியமைக்கின்றது. செருகியின் நாக்குகளிற் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து இணைப்பைக் கெடுக்கின்றது.

நிலயிணைப்பிலும் ஒரு வியப்பு உண்டு. உவர்நிலம் மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலின் நிலயிணைப்புக்கு நன்று எனத் தோன்றும். ஆனால் அவ்வுவரே புதைத்த இரும்புக் கம்பியை விரைவில் தின்றுவிடும். கருவியை நாட்டிய ஆண்டில் செம்மையாய் இருந்த காவல், சில ஆண்டுகளில், மேலே நிற்போர் அறியாதவாறு மண்ணுக்குள் மறைந்துபோகக் கூடும். ஆகவே செம்பு பூசிய கம்பியும், ஆண்டுதோறும் அளந்து பார்த்தலும் இங்கு இன்றியமையாதன.

இரண்டாம் பகை புயல். 2020 நவம்பர் 25-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் கரையேறியது மரக்காணத்தை அடுத்தே. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்து விழுப்புரம் மாவட்டத்தைப் பெருமழையால் வருத்திற்று. புயற்காலத்தில் உயிர்ச்சேதம் நேராதிருக்க மின்சாரத்தை முன்னதாகவே நிறுத்துவர். கம்பங்கள் சாய்ந்தால் மீண்டும் வரச் சில நாட்கள் ஆகும். ஊரார் அனைவரும் மின்வண்டியையே நம்பியிருந்தால் அந்நாட்களில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது எங்ஙனம்?

இன்னொன்றும் உளது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஃபுளோரிடாவை இயான் புயல் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்வண்டிகள் சில பின்னர்த் தாமே தீப்பற்றின. உவர்நீர் மின்கல அடுக்குள் புகுந்து குறுக்கிணைப்பு உண்டாக்கியமையே காரணம். மூழ்கிய வண்டியை வீட்டினின்றும் விலக்கி வெளியில் நிறுத்த வேண்டும்; கைதேர்ந்தோர் பார்க்குமுன் மின்னேற்றலாகாது. இப்பாடம் நம் கடற்கரையூர் ஒவ்வொன்றிலும் முன்னரே கற்பிக்கப்படல் வேண்டும்.

கால்வாய் கற்பிக்கும் பாடம்

மரக்காணத்தை ஒரு பெரிய வலையமைப்பு வந்தடைவது இதுவே முதன்முறையன்று. ஆந்திர நாட்டுப் பெத்தகஞ்சாம் தொடங்கிச் சென்னை வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இவ்வூரே. 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அவ்வேலை பகுதி பகுதியாக வளர்ந்தது. 1877, 1878-ஆம் ஆண்டுகளில் பெரும்பஞ்சத்தால் வாடிய மக்களைக் கொண்டு சென்னை நகருள் கூவத்தையும் அடையாற்றையும் அது இணைத்தது. உப்பும் விறகும் பிற சரக்கும் படகுகளில் அதன் வழியே சென்றன. இருப்புப்பாதையும் சாலையும் பெருகப் பெருக அதன் வருவாய் குறைந்தது, 1965, 1966-ஆம் ஆண்டுகளிற் புயல்கள் கரைகளைச் சிதைத்தன, தூர் வாருதல் குன்றிற்று, படகுகள் மறைந்தன.

கால்வாயை வெட்டினோர் அறிவிற் குறைந்தவர் அல்லர். அதன் பயனும் பொய்யன்று. வெட்டுவதற்குக் கிடைத்த பொருளும் ஊக்கமும் பேணுவதற்கு நெடுநாள் கிடைத்தில, அதுவே குறை. மின்னேற்று வலையமைப்புக்கும் இவ்வாபத்து உண்டு. திறப்பு விழாவிற்கு மாலையிடுவோர் பலர். மூன்றாம் ஆண்டில் செருகியைத் துடைப்போர் யார் என்பதே வினா.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால் இக்கரைக்கு ஏற்ற வழி ஒருவாறு புலப்படும்.

முதலாவது, உள்ளூரார்க்கு மெதுவான மின்னேற்றம். மின்கம்பங்களிலும், பள்ளி, ஊராட்சி அலுவலகம், மீன் இறங்குதுறை, உப்புக் கிடங்கு ஆகியவற்றின் வாயில்களிலும் சிறு மின்னேற்றிகளை அமைத்தல் வேண்டும். அளத்தில் தொழிலாளர் உழைக்கும் முற்பகல் நேரத்தில், கிடங்கின் கூரைமேல் விழும் வெயிலே அவர் வண்டிகளுக்கு மின்னூட்டலாம். செலவிற் சிறியதும் பயனிற் பெரியதும் இதுவே.

இரண்டாவது, விரைவு நிலையம் சிலவே ஆயினும், அவை இரட்டைக் கருவி உடையனவாய் இருத்தல் வேண்டும். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று துணை நிற்கும். திண்டிவனச் சாலையும் கடற்கரைச் சாலையும் கூடும் மரக்காணம் இதற்கு ஏற்ற இடமாகும். உப்பு லாரிகளும் ஒருநாள் மின்னால் இயங்குமாயின், அதற்குரிய பெரிய மின்மாற்றிக்கு இப்பொழுதே இடம் விட்டு வைத்தல் அறிவுடைமை.

மூன்றாவது, கருவிகள் வெள்ளமட்டத்திற்கு மேல் உயர்ந்த மேடையில், துருவேறாத பெட்டியுள், கடற்காற்றை நேரே எதிர்கொள்ளாத பக்கத்தில் நிற்றல் வேண்டும். நன்னீராற் கழுவித் துடைத்தலை மாதாந்த வேலையாக வகுத்து, அதனை உள்ளூர் இளைஞர் சிலர்க்குக் கற்பித்துக் கூலியும் தருதல் தகும். தொழிற்பள்ளி மாணாக்கர்க்கு இஃது ஒரு பிழைப்புமாகும்.

நான்காவது, பொருளுதவியை நாட்டிய கருவிகளின் எண்ணிக்கைக்கு அளவாது, அவை ஆண்டில் எத்தனை நாள் பழுதின்றி உழைத்தன என்பதற்கு அளத்தல் வேண்டும். அப்பொழுதுதான் பேணுவார் தோன்றுவர்.

ஐந்தாவது, புயல் வருமுன் வானிலை ஆய்வு மையத்தார் சில நாட்களுக்கு முன்னரே எச்சரிக்கை தருகின்றனர். அந்நாட்களில் எல்லா வண்டிகளையும் நிறைய மின்னேற்றி மேட்டில் நிறுத்தும் வழக்கத்தை ஊரில் ஏற்படுத்தலாம். புயல் காப்பகம் ஒவ்வொன்றிலும் கதிரொளித் தகடும் சேமிப்பு அடுக்கும் இருப்பின், ஊரெல்லாம் இருண்ட நாளிலும் ஓர் ஆம்புலன்ஸ் வண்டிக்கும் பல கைவிளக்குகளுக்கும் அங்கு மின்சாரம் கிடைக்கும்.

முடிவுரை

மின்னேற்று நிலையங்களைப் பெருக்குதல் நடைமுறைக்கு ஒத்ததா என்னும் வினாவுக்கு, ஒக்கும் என்பதே எம் விடை. ஆயின் அது நிலையங்களின் தொகையால் முடிவது அன்று. பேணும் முறையாலும், யாரை முன்வைத்துத் தொடங்குகின்றோம் என்பதாலும் முடிவது. உல்லாசப் பயணி ஒருவனுக்குப் பழுதுற்ற நிலையம் ஒரு மணி நேரத் துன்பம். சுமை ஆட்டோ ஓட்டி மீனை விற்கும் ஒருவனுக்கு அதுவே அன்றைய உணவின் இழப்பு. இவ்விருவருள் பின்னவனுக்கு நம்பிக்கை தரும் வலையமைப்பு முன்னவனுக்கும் தானே நம்பிக்கை தரும்; முன்னவனுக்காக மட்டும் அமைத்தது பின்னவனை அடையாமலே நின்றுவிடும்.

உமணன் தன் மாற்றச்சினைத் தானே சுமந்தான். அவன் காலத்தில் அதனைச் சுமந்துதவும் ஊரும் அரசும் வழியில் இல்லை. இன்றைய வழிச்செல்வோன் அதனைத் தன் வண்டியின் அடியிற் கட்டிக்கொள்ள வேண்டுவதில்லை. நாட்டார் அனைவரும் சேர்ந்து அவனுக்காக வழியில் நாட்டி வைக்கலாம். நாட்டியதை உப்பு அரியாமற் காத்தலும் நம் கடனேயாகும்.